ஏழு வெள்ளிக்கிழமைப் பொய்

குருக்கள்மடம்,
17.06.2025

அன்புள்ள தக்ஷாயினிக்கு,

கடிதத்தைக் கண்டதும் பயந்துவிடாதே. நானும் மகளும் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம். நேற்று நான் வைத்த இறால் கறியில் உப்புக் கூடிவிட்டது. அதைத் தவிர இன்றைக்கு வீட்டில் பெரிய துன்பம் எதுவும் இல்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டில் இருப்பது ஒரு போன். என்னுடையது என்று பேர்தான், வீட்டில் இருந்தால் அது மகள் ஆர்த்திகாவின் கையில்தான். நான் உனக்கு எதை அனுப்பினாலும் அவள் பார்த்துவிடுவாள். நீ பேசக் கிடைக்கிற வெள்ளிக்கிழமையும் அவள் பக்கத்திலேயே இருப்பாள். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. உன்னோடு ஒரே விமானத்தில் வேலைக்குப் போன ஓட்டமாவடி பஹீமா, லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். அடுத்த வெள்ளிக்கு முன் இதை உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கடந்த ஏழு வெள்ளிக்கிழமையும் நாங்கள் உனக்கு அனுப்பிய மகளின் ஜிம்னாஸ்டிக் வீடியோக்கள் எல்லாம் பழையவை. மாசி மாதத்தில் எடுத்து மிஞ்சிக் கிடந்தவை. எல்லாவற்றிலும் அதே மஞ்சள் சட்டையைப் பார்த்து, பிள்ளைக்கு வேறு உடுப்பு இல்லையா என்று நீ கேட்டாய். கழுவிக் கழுவிப் போடுகிறாள் என்று நான்தான் சொன்னேன். மாகாண ஜிம்னாஸ்டிக் போட்டி தள்ளிப்போய்விட்டது என்று சொன்னதும் நான்தான். அது தள்ளிப்போகவில்லை, போன மாதமே நடந்து முடிந்துவிட்டது. மகள் அதில் இறங்கவில்லை. அவளுக்கு வலது மணிக்கட்டில் நோவு.

இப்போது மூச்சை விட்டுக்கொள். கை முறியவில்லை, சுகமாகி வருகிறது. மிச்சத்தை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நோவு எப்போது தொடங்கியது என்று சரியாகத் தெரியாது. பங்குனியில் ஒருநாள் சோறு தின்னும்போது கையை உதறினாள். கேட்டதற்கு, கைய ஊண்டினா நோகுதப்பா என்றாள். என் புத்தியைப் பார். எனக்கும் பதினாறு வயதில் சாந்தகப்பை பிடித்த புதிதில் அப்படித்தான் நொந்தது, நொந்து நொந்துதான் கை உரமாகும் என்று சொல்லிவிட்டேன். மேசன் வேலைக்குச் சொல்வதைப் பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சித்திரையில் கை வீங்கிய பிறகு, வெல்லாவெளியில் முறிவு நெரிவு பார்க்கும் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர். தொட்டுப் பார்த்துவிட்டு, இது முறிவுமில்ல நெரிவுமில்ல, வளருற புள்ளைட கை, நான் இழுக்கமாட்டன், எக்ஸ்ரே படம் எடுத்துப் பாருங்க என்று சொன்னார். நான் படம் எடுக்கவில்லை. அவரிடம் கெஞ்சி எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்து நானே உருவிவிட்டேன். போட்டி கிட்ட வந்துவிட்டது, வேறு காரணம் இல்லை.

அதைவிடப் பெரிய மடத்தனம் நம் வீட்டு முன் ஹோலில் நடந்தது. போன வருசம் நான் முகம் தெரிகிற மாதிரி மினுக்கிப் போட்ட சீமெந்து நிலம் உனக்குத் தெரியும்தானே, ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் மெத்தையில் செய்வதை எல்லாம் பிள்ளை வீட்டில் அந்த நிலத்தில் செய்தாள், வெள்ளிக்கிழமை வீடியோவுக்காக. ஒரு தடவை முழங்கால் மடங்கிவிடும், ஒரு தடவை தலை படத்துக்குள் வராது, திரும்பவும் முதலிலிருந்து. போனைப் பிடித்துக்கொண்டு இன்னொருக்கா, இன்னொருக்கா என்று சொன்னவன் நான்.

கடைசியில் கண்டுபிடித்தது பள்ளிக்கூடத்தில் அவளைப் பழக்குகிற சர்மிலா ரீச்சர். ஆர்த்திகா உள்ளங்கையை விரிக்காமல் விரலை மடித்து, பொத்திய கையால் ஊன்றுவதைக் கண்டு அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுத்தார். போட்டிக்கு மூன்று கிழமைதானே கிடக்கு, அதுவரைக்கும் தாங்குவாள் என்று நான் வாதாடினேன். ரீச்சர் கோபப்படவில்லை. போட்டி வருசா வருசம் வரும், உங்கட புள்ளைக்குக் கை ரெண்டுதான் என்றார். மறுநாளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மட்டக்களப்பில் எலும்பு டாக்குத்தர் படத்தைக் காட்டி விளக்கினார். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனிக்குக் கிட்ட ஓர் இடம் இருக்குமாம். அங்கேயிருந்துதான் எலும்பு நீளுமாம், அது இன்னும் இறுகியிருக்காதாம். உடம்பின் பாரம் முழுவதும் திரும்பத் திரும்ப அதில் இறங்கினால் அந்த இடம் பழுதுபடுமாம். இவளுக்கு அது அகன்றுபோய் இருந்தது. இப்படியே விட்டால் வளர்ச்சி நின்று கை கோணலாம், இப்போதே ஓய்வு கொடுத்தால் நன்றாக வரும் என்றார். தக்ஷா, மேல்தளத்துக்குக் கொங்கிறீட் போட்டால் அது இறுகும்வரை, இருபத்தொரு நாளைக்கு, கீழே கொடுத்த முட்டுக் கழற்ற விடாமல் வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கிறவன் நான். என் பிள்ளையின் இறுகாத கையில் பாரம் ஏற்றிவிட்டேனே என்று அந்தக் கதிரையிலேயே அழுதுவிட்டேன்.

இவ்வளவு நாளும் ஏன் புள்ள சொல்லல்ல என்று டாக்குத்தர் அவளைக் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அம்மாக்குப் புதுசா ஒண்டு காட்டணும், அம்மா அதப் பார்த்துத்தான் கிழமையத் தள்ளுறா என்றாள்.

உன்னைப் பார்த்துத்தான் கிழமையைத் தள்ளுகிறேன் என்று நீ அவளிடம் அன்போடுதான் சொன்னாய். நானும் எத்தனையோ தடவை அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன், அம்மா உன்னைப் பார்த்துத்தான் அங்கே இருக்கிறாள் என்று. அவள் அதைத் தன் தலையில் கட்டிய வேலையாக எடுத்துக்கொண்டாள். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. குற்றத்தைப் பங்கு பிரித்தால் பெரிய பங்கு எனக்குத்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அம்மாக்குச் சொல்லவேணாம் என்று அழுதாள். பழைய வீடியோக்கள் கிடக்கு என்று வழியும் அவளே சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

ஆறு கிழமைக்குக் கையில் பாரமே ஏற்றக் கூடாது என்பது டாக்குத்தரின் கட்டளை. எண்ணெயும் வேண்டாம், உருவவும் வேண்டாம். ரீச்சர் அதற்காக அவளை வீட்டில் இருத்திவிடவில்லை. காலால் செய்கிற வேலையாகக் கொடுத்தார். இப்போது பாயும்போது என் நெஞ்சளவு உயரம் எழும்புகிறாள். மாகாணப் போட்டி அன்றைக்கு மற்றப் பிள்ளைகளுக்குக் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போய் வந்தாள்.

ஆனால் மூன்றாம் கிழமை ஒருநாள், நான் கிணற்றடியில் குளித்துவிட்டு வர, குசினிச் சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நின்றாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். நோகல்லப்பா, நோகல்லப்பா என்றாள். பார்த்தால் கை வீங்கியிருந்தது. எனக்கு வீக்கத்தைவிட அந்த நோகல்ல என்ற சொல்தான் பயமாக இருந்தது. எப்போது பாரம் ஏற்றலாம், எப்போது நிறுத்தலாம் என்பது எல்லாம் அவள் நோவை உள்ளபடி சொன்னால்தான். அவள் மறைத்தால் டாக்குத்தரும் ரீச்சரும் என்ன செய்வது? அந்தக் கை நேராக வளருமா கோணுமா என்பதே அவள் வாயில்தான் இருந்தது.

போன கிழமை இரண்டாவது படம் எடுத்தோம். அகன்றிருந்த இடம் கூடி வருகிறது, மெல்ல மெல்லத் தொடங்கலாம் என்றார் டாக்குத்தர். முதலில் கையையும் முழங்காலையும் ஊன்றி இருபது எண்ணும்வரை நிற்க வேண்டும். ஒருநாள் செய்தால் மறுநாள் ஓய்வு. நொந்தால் உடனே நிறுத்த வேண்டும். நான் சனிக்கிழமை ஹோலில் பழைய மெத்தை இரண்டைப் போட்டு மேலே தறப்பாள் விரிப்பை இழுத்துக் கட்டிவிட்டேன். ஊருக்குக் காட்டிய மினுக்கம் எல்லாம் இப்போது மெத்தைக்குக் கீழே.

ஞாயிறு பின்னேரம் அவள் உள்ளே எண்ணிக்கொண்டிருந்தாள், நான் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றோடு சத்தம் நின்றுவிட்டது. வாசலில் வந்து நின்று, அப்பா, கொஞ்சம் நோகுது, நிப்பாட்டிட்டன் என்றாள். ஏச்சு விழுமோ என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பம்பை எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். மாகாணத்தில் முதலிடம் வந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்திராது. ரீச்சருக்குப் போன் எடுத்துச் சொன்னேன், அவரும் சிரித்தார். இன்றைக்கு நோவு இல்லை என்கிறாள். இப்போது அதை நம்புகிறேன்.

இதை வாசித்துவிட்டு ஏன் பொய் சொன்னாய் என்று அவளைக் கேட்டுவிடாதே. புதிதாக என்ன பழகினாய் என்றும் கொஞ்ச நாளைக்குக் கேட்காதே. என்ன கறி, யார் தலை பின்னிவிட்டது என்று கேள். நான்தான் பின்னிவிடுகிறேன், ஒரு பக்கம் உயர்ந்துதான் நிற்கிறது, சிரிக்க வேண்டுமென்றால் சிரி.

இன்னும் ஒன்று. கடிதம் கொண்டுபோவாளா என்று கேட்கப் போன இடத்தில் பஹீமா வாய்தவறி ஒரு விசயம் சொல்லிவிட்டாள். பங்குனி மாதம் நீ அங்கே வேலை செய்கிற வீட்டுப் படியில் விழுந்து, எட்டு நாள் குனிய முடியாமல் கிடந்தாயாமே. எட்டு நாளுக்குள் ஒரு வெள்ளி வந்திருக்கும். அன்றைக்கும் போனில் சிரித்த முகத்தோடு, நான் நல்லா இருக்கன் என்று சொல்லியிருக்கிறாய். பஹீமாவை ஏசாதே. நானும் உன்னை ஏசவில்லை. பழைய வீடியோ அனுப்பியவனுக்கு ஏசுகிற தகுதி எங்கே இருக்கிறது? ஆனால் பஸ் முழுக்க அதே நினைப்போடுதான் வீடு வந்து சேர்ந்தேன். பிள்ளை இதை எங்கே பழகினாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அதனால் இது உன் கைக்கு வந்த பிறகு வருகிற முதல் வெள்ளி, அவள் பேசத் தொடங்குவதற்கு முன்னால் நீ சொல். இடுப்பு இன்னும் நோகுதென்றால் நோகுது என்று சொல். அங்கே ஏலாமல் இருக்கிறதென்றால் அதையும் சொல். பிள்ளை பயந்துவிடுவாள் என்று நினைக்காதே. அம்மாவுக்கும் நோகும், அதைச் சொல்லலாம் என்று அவள் உன் வாயால் கேட்க வேண்டும். கேட்டால் தன் கையைப் பற்றி அவளே உனக்குச் சொல்லுவாள், அதற்காகத்தான் போனில் நான் முந்திக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் இருப்பேன். அவள் பேசி முடித்ததும் போனை வாங்குவேன்.

கண்ணகை அம்மன் உன் இடுப்புக்கும் அவள் கைக்கும் துணையாக நிற்கட்டும். என்னிடமும் சொல்லு தக்ஷா. ஊருக்குத் திரும்பி வரவேண்டும் போல் இருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லு.

உன்
உதயரூபன்