புருல்சாவுக்கு ஒரு கூடாரம்

செப்டம்பர் 2
துணை மின்நிலையத்தில் ஒரு மின்மாற்றி இப்போதே சூடாகிறது. குளிர்காலம் இன்னும் வரவேயில்லை. அடக்க விலைக்கும் கீழே மின்சாரம் கொடுத்தால் யார் ஹீட்டரை அணைப்பார்கள், விலையை ஏற்றுங்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். "பெண்டாட்டி போனதுலேர்ந்து தாலாய்க்கு ஊர் மேலேயே கோவம்" என்றான் ஒருத்தன்.
கோபம் இருந்தால் பரவாயில்லையே. எதுவும் இல்லை. அக்டோபர் வந்தால் புருல்சா இறந்து ஒரு வருடம். நான் இன்னும் அழவில்லை.

செப்டம்பர் 7
புருல்சாவின் அண்ணன் எர்மெக் வந்திருந்தார். இறந்தவளுக்கு வருட நினைவு விருந்து வேண்டாமாம். அந்தச் செலவை என் மகள் ஐபிகேயின் படிப்புக்குப் போட வேண்டுமாம். அவர் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் இதைத்தான் ஊர் ஊராகச் சொல்கிறது. விருந்து மட்டுமில்லை, முற்றத்தில் துக்கத்துக்குப் போடும் கம்பளிக் கூடாரமும் போடப்போகிறேன் என்றேன்.
"பிஷ்கெக் மாதிரி நகரத்துல, ஒன்பது மாடிக் கட்டடத்துக்குக் கீழயா? குதிரையும் வெட்டுவியா மாப்ள?"
"ஒரு ஆடு போதும் மச்சான். கடன் வாங்கிக் குதிரை வெட்டுறது பழக்கம் இல்ல, வியாதி. அதுல நானும் உங்க கட்சிதான்."
"அப்ப கூடாரம் மட்டும் எதுக்கு?"
எனக்குப் பதில் வரவில்லை.

செப்டம்பர் 8
இப்போது வருகிறது.
போன வருடம் கூடாரம் வேண்டாம் என்றார் மச்சான். ஓலமிடக்கூடாது, அது இறந்தவரை வருத்தும் என்றார் முல்லா. ஒருவர் ஐரோப்பாவில் படித்தவர், மற்றவர் அரபு நாட்டில். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளை மருத்துவமனையிலிருந்து நேராக இடுகாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்குள் முடிந்தது. நான் எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.
அப்பா செத்தப்ப எனக்குத் தெரிஞ்சிருந்துது. கூடார வாசல்ல, இடுப்புல துணியக் கட்டிக்கிட்டு, கோலை ஊன்றிக் குனிஞ்சு நிக்கணும். வர்ற ஆம்பளைங்க தெருமுனையிலேர்ந்தே ஓலமிட்டுக்கிட்டு வருவாங்க. நாம பதிலுக்கு ஓலமிடணும். அழுகை வரலேன்னாலும் இடணும். அது பின்னால வந்து சேரும் —
மூடப்பழக்கம் என்கிறார்கள். சரி. அதை எடுத்துக்கொண்டு எனக்கு என்ன கொடுத்தார்கள்? தூக்க மாத்திரை.

செப்டம்பர் 16
கட்டடத் தலைவி கனிஷாய் அக்காவிடம் அனுமதி கேட்டேன். "காரெல்லாம் எங்க நிறுத்துறது, உன் தலையிலயா?"
இந்த முற்றத்தில் மனிதர் செத்தால் இடமில்லை, காருக்கு இருக்கிறது என்றேன். கதவைச் சாத்திவிட்டாள். சாத்தட்டும். போடத்தான் போகிறேன்.

செப்டம்பர் 23
தாயில்லாப் பிள்ளைக்கான அரசு உதவித்தொகைக்கு எழுதிப்போடச் சொல்கிறார்கள் அலுவலகத்தில். மாட்டேன். ஐபிகேக்கு அப்பா இருக்கிறான்.

அக்டோபர் 4
முல்லாவும் கூப்பிட்டுச் சொன்னார். வருட விருந்தில் ஓலமிடுவது எந்த முறையிலும் இல்லையாம். உண்மைதான். போன வருடம் விட்டுப்போனதைத்தான் இப்போது செய்கிறேன் என்றேன். அவர் வர மாட்டாராம். மச்சான் போனை எடுக்கவில்லை. அவரும் வராவிட்டால் ஓலமிட்டு வர வேறு ஆள் கிடையாது. வாசலில் சும்மா நிற்பேன். நிற்பது நிற்பதுதான்.

அக்டோபர் 11
கூடாரத்துக்கான மரச்சட்டங்கள் வந்துவிட்டன. காலையில் கனிஷாய் அக்கா தன் காரை எடுத்துத் தெருவில் நிறுத்தினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள்.

அக்டோபர் 12
இடுப்பில் துணி, கையில் கோல். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. வந்த அலுவலக ஆட்கள் தலையைக் குனிந்து, கையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். நான் மரம் மாதிரி நின்றேன்.
பிறகு தெருமுனையில் மச்சானின் கார். இறங்கினார். கோட்டைச் சரிசெய்துகொண்டார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். முகத்தைக் கையால் மூடினார்.
"என் தங்கச்சியே... என் செல்லத் தங்கச்சியே..."
ஓலமிட்டபடியே முற்றத்தைக் கடந்து ஓடி வந்தார். மாடி ஜன்னல்கள் திறந்தன. முறைப்படி நான் பதில் கொடுக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் மாதிரியே இல்லை. அதுக்கப்புறம் அழுகை நிக்கல.

அக்டோபர் 13
கூடாரத்தைப் பிரிக்க மச்சானும் வந்தார். சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "நீ பேசுறது எல்லாம் இன்னமும் தப்புதான் மாப்ள."
"சரி மச்சான்."
"ஆனா என் முறை வரும்போது, கூடாரம் போடாம என்னைத் தூக்கிட்டுப் போக விட்டுடாத."