பக்கத்து சீட்டின் அளவு

மார்ச் 4

அன்புள்ள நோட்டுக்காரிக்கு,

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் சண்டை வரும், எழுதினால்தான் யோசிப்பீர்கள் என்று பிரியும்போது நீ போட்ட சட்டத்தை மதித்து இதையும் பேனாவால் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் பொறுத்துக்கொள்.

டயர் கடையைக் கொடுத்துவிட்டேன். நம் மகளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தாயிற்று. மிச்சத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன். சிரிக்காதே. கார் ராலிப் பந்தயத்தில் இருபது வருடம் கம்பெனிக்காரர்களின் வண்டியைத்தான் ஓட்டினேன். என் பெயரில் நல்ல வண்டி ஒன்று இருந்ததே இல்லை. அறுபத்தொரு வயதில் கிறுக்கு பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சிவப்பு. எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ, இன்ஜின் நம் முதுகுக்குப் பின்னால். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட மூன்று நொடி. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். மற்றது வெள்ளி நிறம். ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, இன்ஜின் வண்டியின் வால் பக்கம். நூறைத் தொட நாலு நொடி. கிளட்சை மிதித்து நாமே கியர் போட வேண்டும்.

எது என்று முடிவு செய்ய முடியவில்லை. நாம் சேர்ந்து ராலி ஓடிய பன்னிரண்டு வருடத்தில் உன்னைக் கேட்காமல் எந்த வண்டியையும் நான் எடுத்ததில்லை. இன்றைக்கும் எனக்குச் சாலை என்றால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு நீ நோட்டைப் பார்த்து வாசித்த எண்கள்தான். ஒன்று என்றால் கொண்டை ஊசி, ஆறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். முந்தாநாள் மருந்துக்கடைக்குத் திரும்பும்போதுகூட வாய் தானாக "இடது நாலு" என்றது. கடைக்காரர் நாலு மாத்திரையை எடுத்து வைத்துவிட்டார்.

பதில் போடு.

ஓட்டுநர்


மார்ச் 12

ஓட்டுநர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் மழை வருவதை முதல் நாளே சொல்லிவிடுகிறது. ரேடியோவில் சொல்வதைவிட அதை நம்பலாம்.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். வாங்கி, உறை போட்டு மூடி, தினமும் துடைத்துக்கொண்டு நிற்கப் போகிறீர்கள். இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். நூறைத் தொட எத்தனை நொடி என்று எழுதினீர்கள். நூறிலிருந்து நிற்க எத்தனை மீட்டர் என்று எழுதவில்லை. ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இதே வியாதி. பத்துத் தடவை அழுத்திப் பிடித்த பிறகு பிரேக் எப்படி இருக்கிறது? ஈரமான வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எது என்ன செய்கிறது? இதைப் பார்க்காமல் வண்டி வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

ஆனால் என்னைப் போய்க் கேட்கிறீர்களே. பாலத்தை அடுத்த அந்த இடது வளைவுக்கு மூன்று என்று எழுத வேண்டிய இடத்தில் ஐந்து என்று எழுதியவள் நான். பாதையைப் பார்த்து நோட்டு எழுதிய நாளும் விபத்து நடந்த நாளும் எனக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் சொல்லித்தான் தெரியும். நோட்டும் வண்டி விழுந்த ஓடையோடு போய்விட்டது, எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. உங்களையும் கவிழ்த்து என் காலையும் முறித்துக்கொண்டேன். நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அந்த வீட்டிலேயே இருந்திருப்பேனோ என்னவோ. தினமும் மன்னிக்கப்படுவது எனக்குத் தாங்கவில்லை.

அதனால் என்னை நோட்டுக்காரி என்று எழுதாதீர்கள்.

கணக்கு டீச்சர்


மார்ச் 19

அன்புள்ள டீச்சருக்கு,

உத்தரவுப்படி மழை நாளாகப் பார்த்துப் போனேன். ஷோரூம்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மழை பிடிக்குமுன் காய்ந்த சாலையில் பிரேக்கைப் பார்த்தேன். சிவப்பு முப்பத்தொரு மீட்டரில் நிற்கிறது. பத்தாவது தடவையும் அதே முப்பத்தொன்று. மழை பிடித்ததும் ஈர வளைவில் காலை எடுத்தேன், ஒன்றுமே ஆகவில்லை. நான் செய்த தப்பு எனக்குத் தெரிவதற்குள் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அதைத் திருத்திவிட்டது. வெள்ளி முப்பத்துமூன்று. எட்டாவது தடவைக்கு மேல் பெடல் கொஞ்சம் இளகியது. வளைவில் காலை எடுத்ததும் பின்பக்கம் வீசிக்கொண்டு வெளியே வந்தது. தப்பு என்னுடையது என்று அந்த அரை நொடியில் ஒப்புக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால்தான் பிழைக்கலாம். "சார், எனக்குச் சின்னக் குழந்தைங்க இருக்கு சார்" என்றார் ஷோரூம்காரர்.

டேப் வைத்துப் பக்கத்து சீட்டையும் அளந்தேன். கால் நீட்ட சிவப்பில் எழுபத்தெட்டு சென்டிமீட்டர், வெள்ளியில் தொண்ணூற்றொன்று. ஏறி இறங்க வெள்ளிதான் வசதி, சீட் ஒரு சாண் உயரம்.

ஒரு தடவை வந்து உட்கார்ந்து பார்க்கிறாயா? பழையதை விடு. அதையெல்லாம் நான் எப்போதோ மறந்தாயிற்று.

ஓட்டுநர்


மார்ச் 27

ஓட்டுநர் அவர்களுக்கு,

தனியாக ஓட்டப் போகிறவர் பக்கத்து சீட்டை டேப் வைத்து அளக்க மாட்டார். அந்த வரியை நான் பல தடவை படித்தேன். என் கால் முழுதாக மடங்காது என்பது உங்களுக்கு நினைவிருக்கிறது. இத்தனை வருடத்தில் எனக்கு வந்த கடிதங்களில் இவ்வளவு அன்பான வரி வேறு இல்லை. வீட்டில் யாருமில்லாததால் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

வருகிறேன். பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரல் பதினான்காம் தேதி ஆரம்பிக்கிறது. அன்று காலை ரயிலில் வந்துவிடுவேன். மகளிடம் சொன்னேன், போனிலேயே அழுதாள்.

ஆனால் எனக்காக நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். வெள்ளியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பாலத்துச் சாலைக்கு என்னை அழைத்துப் போங்கள். நீங்கள் மெதுவாக ஓட்டுங்கள், நான் அந்த வளைவை மறுபடி பார்த்துச் சரியான எண்ணை எழுதுகிறேன். பிறகு உங்களைப் பார்த்து ஒரு தடவை மன்னிப்புக் கேட்கிறேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அதை நான் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டால் நாம் ஒரு வீட்டில் இருக்க முடியும் என்று தோன்றுகிறது.

உங்கள்,
நான்


ஏப்ரல் 2

என் அன்புக்குரியவளுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ பதினான்காம் தேதி வந்துவிடுவாய். அதற்கும் ஆசைப்பட்டேன், மூன்று நாளும் ஆசைப்பட்டேன். நீ அந்தச் சாலையில் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்பதை நினைத்தபோதுதான் முடியவில்லை.

இதோடு உன் நோட்டை அனுப்புகிறேன். ஓடையோடு போகவில்லை. இருபத்தாறாம் பக்கத்தைப் பார். "பாலம் தாண்டி இடது மூன்று, போகப் போக வளைவு இறுகும், உள்ளோரத்தை வெட்டிப் போகாதே." மூன்றுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். வாசித்ததும் அதையேதான். "மூணு, மூணு" என்று இரண்டு தடவை கத்தினாய். என் காதில் விழுந்தது. முந்தைய நாள் பழகிப் பார்த்தபோது அதை ஐந்தாக எடுக்கலாம் என்று எனக்கே ஒரு திமிர் இருந்தது. எடுத்தேன்.

நீ நினைவில்லாமல் கிடந்தாய். உன்னைத் தூக்கிப் போனதும் உன் சீட்டுக்கடியில் கிடந்த நோட்டை எடுத்து என் சட்டைக்குள் செருகினேன். கம்பெனியோடு அடுத்த வருட ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் இருந்தது. அன்று சாயங்காலம் விசாரித்த ராலிக் குழுக்காரர்களிடம், நோட்டில் ஐந்து என்று இருந்தது என்று சொன்னேன். நீ கண் விழித்ததும் உன்னிடமும் அதையே சொன்னேன். உனக்கு எதுவும் நினைவில்லை என்றதும், கடவுளே, எனக்கு நிம்மதியாக இருந்தது. குதிரை கீழே தள்ளியது மட்டுமல்லாமல் குழியும் பறித்த கதை. அந்தக் குதிரை நான்தான். அதற்கு மேல் பெரிய மனது பண்ணி உன்னை மன்னித்துக்கொண்டும் இருந்தேன்.

ராலிக் குழுவுக்கு இதையே எழுதி, இருபத்தாறாம் பக்கத்தின் நகலும் வைத்து இன்று தபாலில் போட்டுவிட்டேன். பதினான்காம் தேதி ஸ்டேஷனில் இருப்பேன். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இருப்பேன்.

ஓட்டுநர்


ஏப்ரல் 21

ஓட்டுநர் அவர்களுக்கு,

பதினான்காம் தேதி நான் வீட்டில்தான் இருந்தேன். நீங்கள் கடைசி ரயில் வரைக்கும் நின்றதாக மகள் சொன்னாள்.

நோட்டு வந்தது. என் கையெழுத்து அப்போது நன்றாகத்தான் இருந்திருக்கிறது. குழுவிலிருந்தும் நாலு வரிக் கடிதம் வந்தது. வருந்துகிறார்களாம்.

இன்னும் பன்னிரண்டு நாள் பொறுத்திருந்தால் நான் வந்திருப்பேன். அது தெரிந்தேதான் எழுதினீர்கள். அதற்கு நன்றி. இதைத் தவிர உங்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சிவப்பை வாங்குங்கள். நீங்கள் செய்கிற தப்பை அதுவே திருத்திக்கொள்ளும். வெள்ளி உங்களுக்கு ஆகாது.

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் "மறுபடி டீச்சர்". எந்தக் கணக்கைப் போட்டாலும் மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் கரும்பலகையை அழிக்க மாட்டேன். கடையில் சில்லறையை இரண்டு தடவை எண்ணுவேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். என் கண்ணை எனக்கே நம்பிக்கை இல்லை. மகளுக்கு ஒரு நல்ல வரன் வந்தபோது, என் கணிப்பு தப்பாகிவிடும் என்று பயந்து வேண்டாம் என்று சொன்னவள் நான். அவள் இன்னும் தனியாக இருக்கிறாள். மூன்று என்று சரியாக எழுதியவள் இப்படி வாழ்ந்திருக்க வேண்டியதில்லை.

இனி எழுதாதீர்கள். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று சத்தம் போட்டு அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "என்ன டீச்சர், யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமாக்கா, தெரிஞ்சவர் ஒருத்தர்" என்று சொன்னேன்.

கணக்கு டீச்சர்