உறைந்த ஏரியில் வெறுங்காலுடன்

சுவிட்சர்லாந்து
18.1.1984

அன்புள்ள நைனாவுக்கு, பிலோமினா வணக்கத்துடன் எழுதுவது. மகிமை மாதா தயவில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? தங்கை மேரிதான் படித்துக் காட்டுவாள் என்பதால் எழுத்தைப் பெரிதாகவே போடுகிறேன்.

வேலையும் விடுமுறையுமாக ஆறு மாதம் என்று காலேஜ் சிஸ்டர் அனுப்பிய இந்த மலையூரில், ஓட்டல் அறைகளைப் பெருக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் ரோசா ஏரிக்கு அழைத்துப் போனாள். ஏரி முழுக்க உறைந்து கிடக்கிறது. ஜனங்கள் அதன்மேல் நடக்கிறார்கள். "இன்னாம்மே, செருப்போட படகுல ஏறுற? சோறு போடுற எடம்மே அது!" என்று திட்டுவீர்களே, அந்தப் பழக்கத்தில் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ரோசா கத்திக்கொண்டே ஓடிவந்தாள். விரல்கள் கொஞ்சம் மரத்துப்போயின, அவ்வளவுதான். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஜலீல் பாய் கடை டேப்பில் எல்லோரும் பேசிப் பதிந்து அனுப்புங்கள். திட்டினாலும் சரி.

மேரி, இனிமேல் வருவதைச் சத்தமாகப் படிக்காதே. இரண்டு கால்விரலில் கொப்புளம். நாளைக்கும் வேலையில் நிற்க முடியாவிட்டால் ஓட்டலிலிருந்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். பெட்டியை மூன்று முறை அடுக்கி, மூன்று முறை பிரித்துவிட்டேன். வலிக்கிறது என்று சொன்னால் போதும், அடுத்த வாரம் உன் பக்கத்தில் இருப்பேன். ஆனால் குப்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் பாதியில் திரும்பிவிட்டாள் என்று நைனாவிடம் யாரும் சொல்லக் கூடாது.

நிற்கத்தான் போகிறேன். தபால் எடுக்க ஆள் வந்தாயிற்று.

பிலோமினா