நாற்பது குறைக்க வேண்டிய கம்பம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். நான் இங்கே நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு தலைவலிகூட வரக்கூடாது, அது போதும் எனக்கு. முந்தாநாள் போனில், விமான டிக்கெட்டை ரத்து பண்ணிவிடு, நான் இப்போது வரவில்லை என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டேன். நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டதும் தெரியும். எடுத்திருந்தால் அழுதிருப்பேன், அழுதால் வந்துவிடுகிறேன் என்று வாயில் வந்துவிடும், அதனால்தான் எடுக்கவில்லை. என்மேல் கோபம் இருந்தாலும் இதை முழுக்கப் படி. எழுத்து கோணலாக இருக்கும், ஐந்தாம் வகுப்போடு நின்ற கை.

நீ அனுப்பிய போட்டோவில் எனக்கென்று ஒதுக்கிய அறையைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கட்டிலில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது என்றுகூட முடிவு பண்ணி வைத்திருந்தேன். பெட்டியும் பாதி அடுக்கியாயிற்று. அப்பா போன பிறகு நீ பத்து நாள் இருந்துவிட்டுப் போனாயே, அந்தப் பத்து நாளோடு இந்த வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. அவருடைய ரப்பர் பூட்ஸ் வாசலிலேயே கிடக்கிறது. அலுவலகச் சாமான், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள், தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது கண்ணு. அப்பா இருபத்தாறு வருஷம் நீர்வள அலுவலகத்துக்கு ஆற்றை அளந்தவர், காலை ஆறு மணிக்குப் படியிறங்கி, கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து ஏட்டில் எழுதுவார், ஒரு நாள் தவறியதில்லை, அலுவலகத்தில் அவர் பெயரே ஆறுமணி என்றாகிவிட்டது. போன கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்து வாயும் வலது கையும் போனதே, அப்போது அந்த வேலையை யார் பார்த்தார்கள் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான்தான் பார்த்தேன். விழுந்துவிட்டார் என்று தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அதைக் கேட்ட அன்றைக்கே இவர் உயிர் போய்விடும் என்று பயம். எனக்கு எண் தெரியும், அது போதாதா என்று நினைத்தேன். நான் எழுதுவேன், அவர் இடது கையால் பக்கத்தில் கையெழுத்தென்று கிறுக்குவார்.

கோடையில் தண்ணீர் கரைக் கம்பத்தை விட்டு இறங்கிவிட்டது, அதனால் நடு ஆற்றில் இருக்கும் கம்பத்தைப் பார்த்து எழுதினேன். கம்பத்தில் ஐம்பது என்று இருக்கும், எனக்கோ கணுக்கால்தான் நனையும். படித்தவர்கள் போட்ட எண்ணாயிற்றே, என் காலைவிட அதற்குத் தெரியாதா என்று ஐம்பது என்றே எழுதினேன். வீட்டுக்கு வந்து இன்றைக்கு ஐம்பது என்று அப்பாவிடம் சொன்னால், இடது கையைக் கீழே கீழே என்று இறக்கிக் காட்டுவார். தலையணை உயரமாக இருக்கிறது போல என்று நான் இறக்கி வைப்பேன். மறுபடியும் காட்டுவார். கடைசியில் தலையணையே இல்லாமல்தான் படுத்திருந்தார்.

போன மாதம் ஆற்றுக்கு மேல்பக்கம் இருக்கிற காகித ஆலைக்காரர்கள் இப்போது எடுப்பதைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்று அலுவலகத்திலிருந்து கம்பங்களைச் சரிபார்க்க வந்தார்கள். கூட வந்த கொத்தனார் என்னைப் பார்த்துவிட்டு, இந்த நடுக்கம்பம் மூணு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளத்துல நாற்பது சென்டிமீட்டர் புதைஞ்சு போச்சும்மா, இதோ நட்டுத்தர்றோம்னு சொன்னவங்க இன்னைக்குத்தான் வந்திருக்காங்க, உங்க வீட்டுக்காரர்தான் மனசுக்குள்ளயே நாற்பதைக் கழிச்சுட்டு எழுதுவாரு, கழிக்கலேன்னா ஆத்துல இல்லாத தண்ணி ஏட்டுல ஓடும்பாரு என்று சொல்லிச் சிரித்தான். குறை, குறை என்று சொல்லியிருக்கிறார் கண்ணு, நான் தலையணையை எடுத்திருக்கிறேன்.

யாருக்கும் தெரியாது, வாயை மூடிக்கொண்டு உன்னிடம் வந்துவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆலைக்கு அனுமதி தருவது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் அன்றைக்குக் கால் தானாகப் போய்விட்டது. ஆலை மேலாளர் நம் ஏட்டைத்தான் படித்தார், போன கோடையிலயே அரை மீட்டருக்குக் கீழ போகல, இவ்வளவு தண்ணியில நாங்க கொஞ்சம் எடுத்தா யாருக்கு என்ன நஷ்டம் என்றார். அந்தத் தண்ணீரைத்தான் நம் தெருவும் கீழே மூன்று தெருவும் குடிக்கின்றன. நான் எழுந்து நின்றேன். வாசலில் இருந்த எழுத்தர், டீ இன்னும் வரலைம்மா, உட்காருங்க என்றார், எல்லோரும் சிரித்தார்கள். டீ எங்க வீட்டுல குடிச்சுக்கறேன், அந்த நாலு மாசக் கணக்கு தப்பு, எழுதினது நான், ஒவ்வொண்ணுலயும் நாற்பது குறைக்கணும் என்றேன். மேலாளர் விடவில்லை, செத்தவர் எழுதினதை இந்தம்மா எப்படி மாத்தும் என்றார். செத்தவரு எழுதியிருந்தா நீங்க இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க என்றேன். எனக்கே அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கூட்டத்தை நடத்திய பெண் அதிகாரி உன் வயதுதான் இருப்பாள், உன்னைப்போலவே பேனாவைக் கடிக்கிற பழக்கம். கொத்தனாரைக் கூப்பிட்டு விசாரித்தாள், பழைய கோப்பில் கம்பம் புதைந்த சீட்டும் கிடைத்தது. அப்புறம் ஏட்டை வாங்கி அந்த நான்கு மாதத்துக்கும் குறுக்கே சிவப்பில் கோடு போட்டாள். இருபத்தாறு வருஷ ஏட்டில் முதல் சிவப்புக் கோடு, என் கையால் வந்தது. கம்பத்தைச் சரியான உயரத்தில் நட்டாயிற்று, அடுத்த கோடை முழுக்க ஒழுங்காக அளந்த பிறகுதான் அனுமதியைப் பற்றிப் பேச்சு என்று எழுதிவிட்டாள். அப்பா இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, யார் அளப்பார்கள் என்று கேட்டாள். நான் அளக்கறேன் என்றேன். சொன்ன பிறகுதான் உன் அறையின் கட்டில் ஞாபகம் வந்தது.

அடுத்த கோடை முடிய இன்னும் எட்டு மாதம். எட்டு மாதமும் உன் முகத்தைப் போன் கண்ணாடிக்குள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போகட்டும், அந்த அறையில் வேறு சாமான் போட்டு அடைத்துவிடாதே. மாப்பிள்ளையிடம் நான் பிகு பண்ணவில்லை என்று எடுத்துச் சொல். வேலை வேலை என்று சாப்பிடாமல் ஓடாதே, குளிர் நாளில் காதைக் கட்டிக்கொள். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் சுளிக்காமல் நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. இங்கே காலை ஆறு மணி என்றால் உனக்குச் சாயங்காலம் வேலை விட்டு வரும் நேரம், என் ஞாபகம் வரும், தெரியும். அந்த நேரத்தில் மட்டும் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் கண் கலங்கும், கண் கலங்கினால் கோடு தெரியாது. ஆறரைக்குக் கூப்பிடு. எழுதி முடித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா