கலேவெலக் குளத்தில் ஒரு ரோந்துப் படகு

மச்சான்,

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் சப்பாத்துத் தைக்கிறவரிடம் அறுந்த செருப்பைக் கொடுத்துவிட்டு நின்றேன். அவர் பசை டின்னைத் திறந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பஸ் இரைச்சலெல்லாம் தண்ணீருக்கடியில் போனதுபோல் மங்கிவிட்டது. உன் வீட்டு முன்னறையில் நீயும் நானும் படகு ஒட்டிக்கொண்டிருந்தோம்.

உலக யுத்தத்தில் ஓடிய ரோந்துப் படகாம். அதைச் சின்னதாகச் செய்து ஒட்ட, ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் துண்டுகள். கட்டாரிலிருந்து உன் மகன் அனுப்பியது. செய்முறைத் தாளில் ஜப்பான் எழுத்து. எனக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு என்பது உனக்குத் தெரியும். "ஆறாம் வகுப்பு தாண்டாத அண்ணனுக்கு ஜப்பான் பாஷையா?" என்று தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி, உன் மனைவிதான், சிரித்தாள். பீரங்கியைப் பின்னால் ஒட்டச் சொன்னேன். நீ முன்னால் ஒட்டினாய். இன்றைக்கும் சொல்கிறேன், பின்னால்தான் சரி.

பாதிப் படகு முடியுமுன், இரத்தத்தில் சீனி கூடுகிற அந்தச் சீனி வருத்தம் உன் கண்ணை எடுத்துக்கொண்டது. மீதியை விரலால் பார்த்தே ஒட்டினாய். என் கையில் வளைந்த கொடிமரம் உன் கையில் நிமிர்ந்தது. முடித்த அன்று ஒன்றே ஒன்று கேட்டாய்: "இது மெதக்கணும்டா. நா இருக்கும்போதே மெதக்கணும்."

அது மேசையில் வைக்கிற சாமான், தண்ணீரில் விடக்கூடாதாம். தாளில் அந்த ஒரு வரியைத்தான் நான் வாசிக்கவில்லை. தோட்டத்துத் தண்ணித்தொட்டி போர்ப்படகுக்கு மரியாதையில்லை என்று கலேவெலப் பக்கத்துக் குளத்துக்கே பஸ் ஏறினோம். கரையில் சூடம் கொளுத்தினேன். படகுக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். புது பஸ் என்றால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோமே, அதை விடலாமா? படகுக்கடியில் பழத்தை வைத்து ஒரே அழுத்து. பழம் அப்படியே இருந்தது. படகின் அடிதான் சடக்கென்று வெடித்தது.

"என்னாடா சத்தம்?"

"பழம் மச்சான். நல்ல சகுனம்."

உன் கையாலேயே தண்ணீரில் விட்டாய். ஒரு முழம் போயிருக்கும். மூக்கைத் தாழ்த்தி, குமிழி விட்டுக்கொண்டு, தாமரைத் தண்டுகளுக்கிடையே இறங்கிவிட்டது.

"மெதக்குதா?"

"மெதக்குதாவா! தாமரையச் சுத்திக்கிட்டுப் போவுது. கொக்கு ஒண்ணு எந்திரிச்சு வழி விடுது, மச்சான்!"

"இப்ப?"

"மதகத் தாண்டிருச்சு. ஆத்துல எறங்கிருச்சு. இனிக் கடல்தான்."

நீ காற்றுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாய். வெயில் சாயும்வரை நான் படகை ஓட்டினேன். கடலில் மீன்கள் துள்ளின, தீவுகள் வந்தன, போயின. அப்புறம் என் தோளில் சாய்ந்து மெதுவாகச் சொன்னாய்:

"புளுகுறவனே, நிப்பாட்டிறாதடா."

நீ போன பிறகும் நான் நிப்பாட்டவில்லை, மச்சான். இப்போது அந்தமானைத் தாண்டிவிட்டது. கடல் தாம்பாளம் மாதிரிக் கிடக்கிறது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.