பதினாறு நாள் காயாத விரிப்பு

அங்கே இருக்கும் எனக்கு,

இங்கே இருக்கும் நான் எழுதிக்கொள்வது. உன் பெண் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காகிதத்தை உன்னிடம் கொடுக்கிறவளே அவள்தான், அதனால் நீ இதற்குள் அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்திருப்பாய். வயிற்றில் வலது பக்கம், கீழே, ஒரு தையல் தழும்பு இருப்பதும் தெரிந்திருக்கும். பதறாதே. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை நீ என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரே நாளில் ஒரே நேரத்தில் பிறந்தவர்களில் யார் அக்கா, யார் தங்கச்சி என்று யாரிடம் போய்க் கேட்பது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன் என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ எழுதினாலும் இதே பிழைதான் வரும்.

நீ நம்ப மாட்டாய். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதனால் ஒன்று சொல்கிறேன். உன் இடது காதுக்குப் பின்னால் ஒரு சூட்டுத் தழும்பு இருக்கிறது. பத்து வயதில், தலைமுடியை நேராக்குகிறேன் என்று இஸ்திரிப் பெட்டியைத் தலையருகே கொண்டுபோனோம். அம்மா கேட்டபோது அடுப்புப் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று பொய் சொன்னோம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய்.

நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நீயும் அங்கே அதே வேலைதான் பார்க்கிறாய் என்று அவள் சொன்னாள். அப்படியானால் காயப்போடும் கூடம் எப்படி இருக்கும் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது கொடியில் தொங்கிய ஓர் ஈர விரிப்புக்குள்ளிருந்து உன் பெண் வெளியே வந்தாள். காலில் செருப்பு இல்லை. கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் என் பெண் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

அவள் கையை நீட்டிக்கொண்டு, பயப்படாதீங்க, நான் உங்க பொண்ணு இல்ல, வேற இடத்திலேருந்து வர்றேன் என்றாள். என் பெண்ணின் குரலில் அதைச் சொன்னாள். அப்புறம் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். வேற அம்மா கிடைச்சாத் தேவலைன்னு சொல்லிட்டு வந்தேன், தேடி வந்து பாத்தா அதே ஆளு என்றாள்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நான்கு மாதமாக அவள் இப்படிப் போய் வந்துகொண்டிருக்கிறாள். ஈர விரிப்புக்குள் நுழைந்தால் வேறு உலகம். எது என்று நம்மால் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் எந்த விரிப்பு வழியாக வந்தாளோ அது ஈரமாக இருக்கிறவரை, அதே வழியில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். காய்ந்தால் வழி மூடிவிடும். தண்ணீர் பாட்டில் அதற்குத்தான். ஓர் உலகத்தில் சலவைக்கூடம் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறதாம், எல்லாரும் படகில்தான் வேலைக்கு வருகிறார்களாம். இன்னொன்றில் பகலிலேயே இரண்டு நிலா. மூன்றாவதில் மனிதர்களே இல்லை, இஸ்திரி மேசைமேல் ஒரு ஆடு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததாம். நான்காவதில் சாம்பல் நிற உடுப்புப் போட்ட காவல்காரன் மாடிப்படி மாடிப்படியாக இவளைத் துரத்தியிருக்கிறான். அங்கேதான் புதுச் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். எங்கே தொலைத்தாய் என்று கேட்டு நீ அடித்தாயே, அந்தச் செருப்பு. அவள் அன்றைக்கு உன்னிடம் சொன்னது பொய் இல்லை.

அந்தச் சண்டையில் கோபித்துக்கொண்டுதான் என்னிடம் வந்தாள். அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அவளும் போகிறேன் என்று சொல்லவில்லை, நானும் போ என்று சொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போனேன். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, இந்தச் சட்டை என்கிட்ட கிடையாதே, இது எப்ப எடுத்தது என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

இரு, விரிப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஈரமாகத்தான் இருக்கிறது. அந்த விரிப்பைப் பதினாறு நாளாக நனைத்துக்கொண்டே இருக்கிறேன். இத்தனை வருஷம் துணியைக் காயவைத்துச் சம்பளம் வாங்கியவள், ஒரே ஒரு துணியைக் காயாமல் பார்த்துக்கொள்ள இந்தப் பாடு பட்டேன். கையில் வேலை ஓடாது. காற்றடித்தால் வாளியோடு ஓடுவேன். மேற்பார்வைக்காரி, என்னம்மா இந்த விரிப்பு, கல்யாணம் ஆகாத பொண்ணு மாதிரி இந்தக் கொடியை விட்டு நகரவே மாட்டேங்குது என்று கேட்டாள். கறை போகவில்லை, ஊறட்டும் என்று சொல்லி வைத்தேன்.

இனி தழும்புக்கு வருகிறேன். நான்காம் நாள் காலை, எழுந்து வந்தவள் வலது பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். லேசா வலிக்குது என்றாள்.

என் பெண்ணும் அப்படித்தான் சாய்ந்தாள். அதே பக்கம். வெந்நீர் குடித்துவிட்டுப் படு, சாயங்காலம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நான் வேலைக்கு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி விரிப்பைத் துவைக்கத்தான் வந்தேன், பார்த்துக்கொள். குடல்வால் வீங்கி உள்ளேயே வெடித்துவிட்டது. மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு ஆள் வந்து சொன்னார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

உன் பெண்ணை அப்போதே உன்னிடம் அனுப்பியிருக்கலாம். நினைத்தேன். ஆனால் நீ யார்? நீ நான்தானே. நீயும் வெந்நீரைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பாய். உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. என்மேல் எனக்கு இல்லாத நம்பிக்கை உன்மேல் எப்படி வரும்.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். பதிவுச் சீட்டுப் போடுகிறவர் பெயரையும் பிறந்த தேதியையும் கணினியில் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இவங்க இறந்துட்டாங்கன்னு காட்டுதேம்மா என்றார். அது இவளுடைய அக்கா, இரட்டைப் பிள்ளைகள், பெயரைக்கூடக் குழப்பி எழுதிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். எனக்கு அப்படிச் சத்தம் போட வரும் என்றே எனக்குத் தெரியாது. உனக்கும் வரும், வேண்டிய இடத்தில் போடு.

இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அறுவைக்குச் சம்மதம் கேட்டுத் தாளை நீட்டினார்கள். தாய் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அது உன் கையெழுத்தும்தான். அதனால் நீ சம்மதித்ததாகவே வைத்துக்கொள்.

மயக்கம் தெளிகிற நேரம் பக்கத்திலேயே இருந்தேன். கண்ணைத் திறந்தாள். குனிந்து பார்த்த என் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அம்மா எங்க என்று கேட்டாள். உன்னிடம் இருக்கும் அதே முகம்தான், அதே மூக்கு, அதே பல். அரை மயக்கத்திலும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது அவளுக்கு. வந்துடுவாங்க, தூங்கு என்றேன்.

அப்போதுதான் விரிப்பு ஞாபகம் வந்தது. காலையிலிருந்து நனைக்கவில்லை. பின்பக்கம் ஓடினேன். கொடியில் விரிப்பு இல்லை. மடிப்பு அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார், மடிக்கிற மேசைக்காரர், நல்ல மனுஷன். நான் ஆஸ்பத்திரியில் அலைகிறேன் என்று கேள்விப்பட்டு, எனக்கு உதவி செய்கிறேன் என்று அதை எடுத்து டிரையரில் போட்டிருக்கிறார். நான் போய் நின்றபோது வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். நாலு நாளா உயிரை வாங்குச்சே, முடிச்சிட்டேன்மா என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

விரிப்பு சூடாக, மொடமொடவென்று இருந்தது. நடுவில் காய்ந்துவிட்டது. நாலு பக்கமும் காய்ந்துவிட்டது. ஓரத்து மடிப்பைத் தடவினேன். துணியை மூன்று அடுக்காகச் சேர்த்துத் தைத்த இடம், எப்போதும் கடைசியில்தான் காயும். ஒரு மூலையில், விரல் நீளத்துக்கு, சில்லென்று இருந்தது.

இப்போது எழுதுவதை அவளிடம் நான் சொல்லவில்லை. நான் உடனே நனைக்கவில்லை. வாளி பக்கத்தில்தான் இருந்தது. விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும், அது தானாகக் காய்ந்துவிடும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. மடிப்பு அண்ணன் செய்தது. அவள் இங்கேயே இருந்துவிடுவாள். நான் பெற்றவள் மாதிரியே நடப்பாள், தும்முவாள், கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துவாள். மூலையைக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன். ஈரம் சுருங்கிக்கொண்டே வந்தது. பல்லியின் கால் அளவு ஆகிவிட்டது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று மணிக்கு யாரோ வந்து சொல்லாமலே நீயும் உன் பெண்ணை இழந்துகொண்டிருக்கிறாய் என்று தோன்றியது. நீ அங்கே கையைத் துடைத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடத் தெரியாமல் நிற்பாய். எனக்காவது ஓட ஓர் இடம் இருந்தது. எழுந்து அந்த மூலையை வாளிக்குள் அமுக்கினேன். அப்படியே முழங்கை வரை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன்.

தையல் பிரித்தாகிவிட்டது. நன்றாக நடக்கிறாள். இன்றைக்கு அனுப்புகிறேன். இன்னும் ஒரு வாரம் இருக்கேனே என்று காலையிலிருந்து கெஞ்சுகிறாள். முடியாது என்றேன். ஒரு வாரம் இருந்தால் எனக்கு அந்த ஒரு வாரம் போதாது. நாலு மணிக்கு எல்லாரும் டீக்குப் போவார்கள், கூடம் காலியாக இருக்கும். அவள் உள்ளே போனதும் விரிப்பை நானே டிரையரில் போடப்போகிறேன். இல்லாவிட்டால் சாகிறவரை நனைத்துக்கொண்டே இருப்பேன்.

மூன்று மாதம் பாரம் தூக்க விடாதே. ஈரத் துணி வாளியைத் தொடவே கூடாது. இனிமேல் எந்த உலகத்துக்கும் போகாதே என்று அவளிடம் சொல்லிப் பயன் இல்லை, போகத்தான் போகிறாள். தண்ணீர் பாட்டில் இரண்டாகக் கொடுத்து அனுப்பு. செருப்பு பழையதைக் கொடு. திட்டு, நிறையத் திட்டு, ஆனால் கை ஓங்காதே. எங்கேயாவது வலிக்கிறது என்று அவள் சொன்னால், அன்றைக்கு வேலைக்குப் போகாதே.

மணி ஆகப்போகிறது. கூடத்து வாசலில் தலை சீவிக்கொண்டு நிற்கிறாள். என் பெண்ணின் சட்டையைப் போட்டு அனுப்புகிறேன், அவளுக்குச் சரியாக இருக்கிறது. அவள் நூறு வயது இருக்கட்டும். என் பெண்ணுக்குக் கிடைக்காததும் சேர்த்து இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அவள் இங்கே பார்த்தது, சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் கேள். எல்லாம் சொல்வாள். இந்தக் கடைசிப் பத்து நாளில் என்னை என்னவென்று கூப்பிட்டாள் என்று மட்டும் கேட்காதே. கேட்டால் மறைக்கத் தெரியாமல் சொல்லிவிடுவாள். அந்த ஒன்று என்னிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டவள்