முன்வாசலுக்குப் போட்ட பலகை

அந்தப் பலகைப் பாதையை அவர்கள் உனக்காகப் போடவில்லை. உன்னை ஏற்றிப் பாரம் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு கழற்றிவிட்டார்கள்.

நான் இப்போது பதுளையில் ஓர் அச்சகத்தில் இருக்கிறேன். எத்தனை முறை கழுவினாலும் மை வாசனை விரல்களை விட்டுப் போவதில்லை. நம் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவை ஓட்டலாக்கி நடத்துகிறவர்கள் புதிதாக ஒரு விளம்பரத்தாள் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை மாதிரித் தாளைச் சரிபார்க்க என் மேசையில் வைத்தார்கள். உள்பக்கத்தில் ஒரு படம். பலகைச் சரிவில் ஒரு சக்கர நாற்காலி. கீழே, சக்கர நாற்காலியில் வருவோருக்கும் எங்கள் வாசல் திறந்தே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. உட்கார்ந்திருப்பவனுக்கு முகம் இல்லை. இடுப்புக்கு மேலே வெட்டிவிட்டார்கள். ஆனால் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று தெரிகிறது. அதை வைத்தவன் நான்.

விறகு லொறி வளைவில் புரண்டு உன் இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துப்போனபோது உனக்கு இருபது வயது. எனக்கும் இருபது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எந்தத் தருமக்காரர்களோ ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். நீ கையால் சுற்றும் தையல் மெஷினில் பழகினாய். பங்களா ஓட்டலானதும் திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் தொழிலாளர் வரிசை வீடுகளான நம் லயத்துக்கு உன்னைத் தேடி வந்தன. அப்புறம் ஓட்டலிலேயே வந்து தைக்கச் சொன்னார்கள். தானாக வந்து தானாகப் போக முடிந்தால் வேலை நிரந்தரம் என்றார் ஓட்டல் கிளார்க் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையாகப் பேசுவார். அந்த மரியாதையை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

முன்வாசலுக்கு ஏழு படி. பின்னால் சமையல் நடக்கிற குசினிப் பக்கம் பதினொரு படி, செங்குத்து. லயத்து ஆட்களுக்கு என்றைக்கும் பின்வாசல்தான். துரைமார் போய் எத்தனை வருடமானாலும் நம் கால்களுக்கு அது மறக்கவில்லை. முன்பக்கம் போகவேண்டி வந்தால் செருப்பைக் கழற்றிவிடுவோம், குடையை மடக்கிவிடுவோம். உன்னைக் குசினிப் பையன்கள் இரண்டு பேர் அந்தப் பதினொரு படியிலும் தினமும் தூக்கிப்போனார்கள். உனக்கு அது பிடிக்கவில்லை.

"தூக்குனா சாமியத் தூக்கணும், இல்லாட்டிப் பொணத்தத் தூக்கணும். நான் ரெண்டுல எதுடா?" என்று கேட்டாய்.

முன்வாசலில் ஒரு சரிவு போடச் சொல்லி நாம் இரண்டு பேரும் கிளார்க் ஐயாவிடம் கேட்டோம். "பழைய கட்டடம் தம்பி. ஒரு கல்லையும் அசைக்கேலாது. மேல இருக்கிறவை விடாயினம்" என்றார். அந்தக் கல்லைத் தலையில் சுமந்து வந்தது யாருடைய பாட்டன் என்று நான் கேட்டேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் ஆள் அனுப்பினார்கள். முன்வாசலில் பலகை போட்டாயிற்று, வந்து ஏறிப் பார்க்கட்டுமாம். ஒரு கல்லும் அசையவில்லை. ஒரே பகலில் முடிந்திருந்தது. லயமே திரண்டு வந்தது. உன் அம்மா உனக்குத் திருநீறு பூசினார். புது லொறிக்கு வைப்பதுபோல இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னதும் அவர்தான். சமையற்கார அப்பு வாசலில் நின்று பழக்கதோஷத்தில், "டேய், செருப்பக் கழட்டிட்டு ஏறு, இது முன்வாசல்" என்றார்.

"செருப்பக் கழட்டுறேன் அப்பு. டயரக் கழட்டச் சொல்லிறாதீங்க."

எல்லோரும் சிரித்தோம். அப்புவும் சிரித்தார். நீ ஏறினாய். பழம் நசுங்கிச் சாறு பலகையில் வழிந்தது. மேலே போய் நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்தாய். அந்த உயரத்திலிருந்து நம் லயத்தை நம்மில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அப்போதுதான் கிளார்க் ஐயா ஓர் அரிசி மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி உன் மடியில் வைத்தார். "இன்னொருக்கா ஏறி இறங்கும் தம்பி." ஏறி இறங்கினாய். "இன்னொருக்கா." ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் உன் காதில் சொன்னேன்: "ஒனக்குப் போட்ட பாதைன்னா அரிசி மூட்டை எதுக்குடா?"

"நீ சந்தேகத்துலயே பொறந்தவன்டா. பலகை தாங்குதான்னு பாக்குறாங்க. தாங்குனா நல்லதுதானே?"

மறுநாள் வந்தாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அவளுடைய அப்பா ஒரு காலத்தில் அந்த பங்களாவில் துரையாக இருந்தவராம். அவளும் சக்கர நாற்காலியில்தான் வந்தாள். உன்னைவிடக் கனமான உடம்பு. நான்கு நாள் தங்கினாள். அந்த நான்கு நாளும் நீயும் முன்வாசலால் போய் வந்தாய், யாரும் தூக்காமல். ஐந்தாம் நாள் அவள் வேன் ஏறிப்போனாள். சாயங்காலம் நீ வேலை முடிந்து வெளியே வந்தபோது ஏழு படிதான் இருந்தது, பலகை இல்லை. அப்புதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "பலகை விறகுக் கொட்டாய்க்குப் போயிருச்சுடா."

அந்தக் கிழவி மேல் எனக்குக் கோபம் இல்லை. பலகை தனக்கு மட்டும்தான், தான் போனதும் கழற்றிவிடுவார்கள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். யார் சொல்லிக் கழற்றினார்கள் என்பதுதான் இன்றுவரை தெரியாது. முகப்பின் அழகு கெடுகிறது என்றார் கிளார்க் ஐயா. மேலே இருக்கிறவர்கள் என்றார். அந்த மேலே இருக்கிறவர்களை ஒருவரும் கண்டதில்லை. அவரே கழற்றச் சொல்லியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். நிரூபிக்க முடியாது.

அன்றைக்கு உன்னை நான் தூக்கி இறக்கினேன். மறுநாள் முதல் வேலைக்குப் போகவில்லை. தைக்கிற துணி பதுளை டவுனுக்குப் போனது. நீ லயத்து அறையில் உட்கார்ந்தே இருந்தாய். இரண்டு வருடத்தில் படுக்கைப் புண்ணில் விஷம் ஏறிச் செத்தாய். ஓட்டல்தான் உன்னைக் கொன்றது என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அதைச் சொல்கிற எவனுடனும் சண்டை போடவும் மாட்டேன். நம் மயானத்துப் பாதை பங்களாவின் முன்பக்கமாகத்தான் போகிறது. நான்கு பேர் உன்னைத் தூக்கிப்போனோம். அந்த ஏழு படிக்கு எதிரே வந்ததும் தோள் மாற்ற நின்றோம். நீ கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது.

இப்போதெல்லாம் யாராவது நல்லது செய்தால் முதலில் அரிசி மூட்டையைத்தான் தேடுகிறேன். அது உன் மடியிலிருந்து என்னிடம் வந்த சுமை. இறக்கிவைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

மாதிரித் தாளை வாங்கிப்போக இன்று மத்தியானம் கிளார்க் ஐயாவே வந்தார். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. பழத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"இது யாருடைய நாற்காலின்னு தெரியுதுங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். படத்தைப் பார்க்கவில்லை.

"எப்ப அடிச்சு முடிப்பியள்?" என்றார்.

"பாதை இப்ப அங்க இருக்குங்களா?"

சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் சொல்வது அவருக்குக் கேட்காமல் போய்விடக்கூடாது என்று எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து சொன்னேன்:

"பலகையத் திரும்பப் போடுங்க. இல்லாட்டி அவன் படத்த எடுங்க."